குறைந்த செலவில் சூரிய வானொலித் தொலைநோக்கி

சூரியன் ஒளியோடு வானொலி அலைகளையும் அனுப்புகிறது. 1942-இல் பிரிட்டிஷ் ராடார்களைக் குழப்பிய இரைச்சல் எதிரியின் வேலையன்று, சூரியனின் வேலையே எனக் கண்டறிந்தவர் ஜே. எஸ். ஹே. 2015 நவம்பர் 4-இல் இத்தகைய வானொலி வெடிப்பு ஒன்று சுவீடனின் விமானக் கட்டுப்பாட்டு ராடார்களைப் பாதித்தது. எனவே சூரியனை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும். ஐரோப்பா உறங்கும் நேரத்தில் நமக்குப் பொழுது விடிந்துவிடுகிறது. நம் பதிவுகளின் தேவை அங்கேதான் எழுகிறது.

இப்பணிக்காகச் சுவிட்சர்லாந்தில் கிறிஸ்டியன் மொன்ஸ்டைன் வடிவமைத்த கருவி காலிஸ்டோ. தொலைக்காட்சிப் பெட்டிக்குரிய அலைத்தேர்வியே அதன் இதயம். 45 முதல் 870 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். 2012-இல் நம் பந்திங்கிலும் ஒன்று நிறுவப்பட்டது.

எங்கள் துறையிலும் இதே வகையில் ஒரு பழைய தொலைநோக்கி உண்டு. அலைவாங்கி மொட்டைமாடியில், ஏற்பி கீழ் அறையில், இடையே நீண்ட, மெல்லிய கம்பிவடம். அதை மேம்படுத்த எனக்குக் கிடைத்த தொகை 600 ரிங்கிட். பெரிய அலைவாங்கி வாங்கலாமே என்றனர் நண்பர்கள். ஆனால், சூரிய வெடிப்புகள் வலிமையானவை. அவற்றுக்கு இருக்கும் அலைவாங்கியே போதும். பணம் எங்கே போக வேண்டும்?

முதலில் சோதனை. இதற்குச் செலவு சொற்பம். அலைவாங்கியைக் கழற்றி, அவ்விடத்தில் 50 ஓம் மின்தடையை மாட்டிப் பாருங்கள். 50 மெகாஹெர்ட்ஸ் அளவில் நம் பால்வீதியின் இரைச்சலே அந்த மின்தடையின் இரைச்சலைவிட மிகுதி. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் கருவி செவிடு என்று பொருள். பால்வீதியால் எழும் மேடு நாள்தோறும் சுமார் நான்கு நிமிடம் முன்னதாக வரும். பக்கத்து இயந்திரத்தின் இரைச்சல் அப்படி நகராது.

இரண்டாவது, பெருக்கியின் இடம். கம்பிவடம் 3 டெசிபல் விழுங்கினால் வந்த ஆற்றலில் பாதி போய்விடுகிறது. வடம் தன் இரைச்சலையும் சேர்க்கிறது. பிறகு எவ்வளவு பெருக்கினாலும் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். ஆகவே, குறைந்த இரைச்சலுடைய சிறு பெருக்கியை அலைவாங்கியின் அடியிலேயே பொருத்த வேண்டும். அதற்கான மின்சாரத்தை அதே வடத்தின் வழியே அனுப்பலாம்.

மூன்றாவது, வடிகட்டி. நகரில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பண்பலை நிலையங்கள் பெருக்கியைத் திணறடிக்கும். அப்பகுதியை மட்டும் தடுக்கும் வடிகட்டியைப் பெருக்கிக்கு முன்னே வைத்தால், சிறிய இழப்போடு மற்ற பகுதிகள் பிழைக்கும்.

நான்காவது, இடி தாங்கும் ஏற்பாடு. கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மின்னலை அறிந்தவர்கள் நிலத்தொடர்பை மறக்கமாட்டார்கள்.

கடைசியாக, கணினியின் கடிகாரத்தை இணைய நேரத்தோடு இணைக்க வேண்டும். இதற்குக் காசே இல்லை. நேரம் தவறிய பதிவைப் பிற நாட்டுப் பதிவுகளோடு ஒப்பிட இயலாது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற என் போன்றோர்க்கு இவற்றைத் தமிழில் எழுதும் வாய்ப்பு அரிது. உங்கள் ஆய்வகத்தின் மூலையிலும் ஒரு பழைய கருவி கிடக்கலாம். புதியது வேண்டுமென விண்ணப்பிக்கும் முன், அது எந்த இடத்தில் செவிடாகிறது என்று அளந்து பாருங்கள்.