மாட்டுண்ணியின் குடலில் வாழும் பற்றீரியாக்கள்

திருக்கோணமலை மாவட்டத்தில் நெற்செய்கையும் கால்நடை வளர்ப்பும் ஒன்றையொன்று சார்ந்து நடைபெறுவன. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் ஆகிய பகுதிகளில் பெரும்போக விதைப்பின்போது மாடுகள் காட்டோர மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்க்கப்பட்டு, அறுவடை முடிந்தபின் தாள் மேய்வதற்காக வயலுக்குத் திரும்புகின்றன. அவ்வாறு திரும்பும் மாடுகள் காதிலும் தாடையிலும் மடியிலும் உண்ணிகளைச் சுமந்துவருதலைக் கமக்காரர் அறிவர். உண்ணி குருதியை உறிஞ்சுவதோடு நின்றுவிடுவதில்லை. அதன் உடலினுள்ளே வாழும் நுண்ணுயிர்களே மாட்டின் உயிருக்குப் பெருங்கேடாகின்றன. அவற்றின் இயல்பை அறிந்தவர், தம் பட்டியைக் காக்கும் வழியையும் அறிவார்.

1. உண்ணியின் வாழ்க்கை

மாட்டுண்ணி, குஞ்சுப் பருவம் முதல் முதிர்ச்சியடையும் வரை ஒரே மாட்டின் உடலிற் சுமார் மூன்று வாரம் தங்குகின்றது. குருதி நிறைந்து பருத்த பெண்ணுண்ணி நிலத்தில் விழுந்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு இறக்கின்றது. பொரித்த குஞ்சுகள் புல்நுனியில் ஏறி, மாடு வரும்வரை வாரக்கணக்கில் உணவின்றிக் காத்திருக்கும். ஆகவே இன்று ஓர் உண்ணியைக் கொல்பவர், நாளை வரவிருக்கும் ஆயிரக்கணக்கான உண்ணிகளைத் தடுத்தவராவார்.

2. உண்ணிக்கு உதவும் பற்றீரியா

குருதியிற் புரதம் மிகுதி; பீ வகை விற்றமின்களோ மிகக் குறைவு. குருதியன்றி வேறுணவு உண்ணாத உண்ணி எங்ஙனம் வளர்கின்றது? அதன் உடலில் நிலையாகக் குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அக்குறையை நிறைவு செய்கின்றன. இவை குடலையடுத்த கழிவுக் குழாய்களிலும் சூலகத்திலும் பெருமளவில் வாழ்ந்து, முட்டை வழியாகத் தாயிடமிருந்து குஞ்சுக்குச் செல்கின்றன. 2017 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தாயுண்ணிகளுக்கு ரெற்றாசைக்கிளின் மருந்தைச் செலுத்தி இப்பற்றீரியாக்களைக் குறைத்தபோது முட்டைகள் பொரித்தன. ஆனாற் குஞ்சுகள் முதிர்ச்சியடையாமல் இடைப் பருவத்திலேயே நின்றுவிட்டன.

இதனைக் கேட்டு, உண்ணியை ஒழிக்கும் நோக்குடன் மாட்டுக்கு அம்மருந்தை ஏற்றுதல் தவறு. அஃது ஆய்வுகூடத்துச் சோதனை. வீணாக ஏற்றப்படும் மருந்து பாலிற் கலப்பதுடன், நோய்க் கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காத நிலையையும் உண்டாக்கும்.

3. மாட்டுக்குப் பகையான பற்றீரியா

1893 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிமித், கில்பேண் என்னும் இருவர், மாட்டின் சிறுநீரைச் செந்நிறமாக்கும் காய்ச்சலை உண்ணியே பரப்புகின்றது என்று நிறுவினர். அக்காய்ச்சலை உண்டாக்குவது பற்றீரியாவன்று, ஓரணுவுயிர். 1910 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் தைலர் என்பவர் அனபிளாசுமா என்னும் வேறொரு கிருமியை விவரித்தார். இதுவே பற்றீரியா என்பது பிற்காலத்திலே தெளிவாயிற்று.

நோயுற்ற மாட்டின் குருதியோடு உண்ணியின் குடலையடையும் அனபிளாசுமா, முதலிற் குடற்சுவரின் கலங்களுட் புகுந்து பெருகுகின்றது. பின்னர் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சேர்கின்றது. ஆணுண்ணி நெருங்கி நிற்கும் மாடுகளிடையே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறிக் கடிக்கும்போது, உமிழ்நீருடன் கிருமியும் இறங்குகின்றது. இரவிலே பட்டியில் மாடுகளை நெருக்கியடைப்பது இதனாலேயே ஆபத்தானது. கடிக்கும் ஈக்களும், குருதி தோய்ந்த ஊசியும், நலமடிக்கும் கத்தியும் இந்நோயைப் பரப்பும்.

4. நோயின் குறிகள்

கிருமி புகுந்து ஏறக்குறைய இரண்டு முதல் ஐந்து வாரத்திற் காய்ச்சல் தோன்றும். மாடு மேயாது, பால் வற்றும், கண்ணிமையின் உட்புறம் வெளிறிப் பின்னர் மஞ்சளாகும், மூச்சு வாங்கும், சாணம் இறுகும். சிறுநீர் சிவப்பதில்லை. சிறுநீர் சிவந்தால் அது முன்னர்க் கூறிய மற்றைக் காய்ச்சலாகலாம். இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு. ஆகவே குருதியைச் சோதித்தே மருத்துவஞ் செய்தல் வேண்டும்.

இளங்கன்றுகளில் நோய் பெரும்பாலும் இலேசாகச் செல்லும்; வளர்ந்த மாடுகளையோ கொல்லவுங் கூடும். நாட்டு மாடு ஓரளவு தாங்கும். வெளியிலிருந்து வாங்கிய பிரீசியன், யேசி இனக் கறவைப் பசுக்கள் விரைவில் வீழ்வன. பிழைத்த மாடு நலமுற்றதாகத் தோன்றினும், கிருமியை நெடுங்காலம் சுமந்து மற்றை மாடுகளுக்கு ஊற்றாக இருக்கும்.

5. கமக்காரர் செய்யவேண்டுவன

(அ) மாடுகள் தாள்வயலுக்குத் திரும்பும் நாளிற் காது, தாடை, வாலடி, மடி ஆகியவற்றைத் தடவிப் பார்க்க. புதிதாக வாங்கிய மாட்டை உண்ணி நீக்கியபின்னரே பட்டியிற் சேர்க்க.

(ஆ) உண்ணி மருந்தை மிருக வைத்தியர் கூறும் அளவிற் கலந்து உடல் முழுவதும் தெளிக்க. நீரை மிகுத்துக் கலந்தால் உண்ணி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். மருந்திட்டபின் பாலை எத்தனை நாள் விலக்கவேண்டும் என்பதையும் கேட்டறிக.

(இ) மிளகாய், கத்தரிக்குத் தெளிக்கும் பூச்சிநாசினியை மாட்டின்மீது ஒருபோதும் பூசாதீர்கள். அது தோல் வழியாக ஊறி மாட்டைக் கொல்லக்கூடும். பூசுபவருக்கும் கேடு செய்யும்.

(ஈ) மேய்ச்சல் நிலத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துக. பிரெடரிக் கோட்டைப் பக்கத்திற் போலப் புள்ளிமான் உலவும் புற்றரையிற் கன்றுகளைக் கட்டாதிருத்தல் நன்று. மான்களும் உண்ணிகளைச் சுமக்கும்.

(உ) ஊசியையும் கத்தியையும் ஒவ்வொரு மாட்டுக்கும் பின் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்க.

(ஊ) உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள். அதன் குடலிலுள்ள கிருமிகள் விரற் காயத்தின் வழியாக உங்கள் உடலிலும் புகக்கூடும். சாவணத்தால் தோலையொட்டிப் பிடித்து மெல்ல இழுத்து, எரித்துவிடுக. உண்ணி கடித்தபின் காய்ச்சல் வந்தால், கடியுண்டதை வைத்தியருக்குத் தவறாது சொல்லுக.

மேயாத மாட்டை நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடாதீர்கள். கண்ணிமை வெளிறிய அன்றே அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். காலத்திற் செய்த மருத்துவம் மாட்டைக் காக்கும். மாட்டின் பாலும் எருவும் குடும்பத்தைக் காக்கும்.