கார் ஏன் 'டிங் டிங்' என்று கத்துகிறது?



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து நாங்கள் நாலு பேர் ஒரு வாடகைக் காரில் ஊர் திரும்பினோம். முன்சீட்டில் ஒரு குழுவின் ஊக்குநர் அக்கா உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதும் 'டிங் டிங்' என்று சத்தம். "அது சும்மா கத்தும்க்கா, கண்டுக்காதீங்க" என்று சொல்லி, டிரைவர் தம்பி ஒரு சின்ன இரும்புத் துண்டை எடுத்து பெல்ட் மாட்டும் இடத்தில் சொருகினார். சத்தம் நின்றது. எங்களுக்கும் நிம்மதி. கொஞ்ச தூரத்தில் மாடு ஒன்று குறுக்கே வர, தம்பி சட்டென்று பிரேக் அடித்தார். அக்காவின் நெற்றி முன்னால் போய் இடித்தது. நாலு தையல்!

சத்தம் நின்றதே என்று நாங்களும்தான் சந்தோஷப்பட்டோம். அந்த வருத்தத்தில் எழுதுவதே இந்த மாதப் பாடம்.

மணி எப்படி அடிக்கிறது?

பெல்ட்டின் நாக்கு போய் மாட்டுகிற இடத்துக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. முன்சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதை சீட்டுக்கு அடியில் உள்ள கருவி எடையை வைத்துத் தெரிந்துகொள்ளும். ஆள் இருந்து பெல்ட் மாட்டவில்லை என்றால் சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். கனமான பையை முன்சீட்டில் வைத்தாலும் அடிக்கலாம். பையை டிக்கியில் வைத்தால் சரியாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் தயாராகும் எல்லாக் கார்களிலும் டிரைவருக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் இந்த எச்சரிக்கை மணி கட்டாயம். இது கார் செய்யும் கம்பெனிக்கு உள்ள விதி.

பெல்ட் போடுவது நமக்கு உள்ள விதி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தப்படி, பெல்ட் போடாமல் ஓட்டினாலும், பெல்ட் போடாதவரை ஏற்றிச் சென்றாலும் 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப் போனாலும் அதே 1,000 ரூபாய்.

"எங்க வண்டி பழசு, மணியே கிடையாது" என்று சிலர் சொல்வார்கள். மணி இல்லாவிட்டாலும் பெல்ட் போட்டே ஆக வேண்டும்.

பின்சீட்டுக்கும் உண்டா?

உண்டு. முன்பக்கம் பார்த்த பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்பது விதி. பல கார்களில் பின்சீட்டுக்கு மணி இல்லை, அதனால் நாம் மறந்துவிடுகிறோம். 2022 செப்டம்பர் 4-இல் மகாராஷ்டிரா மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலை உயர்ந்த கார்தான். ஆனால் பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை என்று போலீசார் தெரிவித்தனர்.

40 கிலோமீட்டர் வேகம் நமக்குக் குறைவாகத் தெரியும். ஆனால் அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் போகிறது. வண்டி நின்றாலும் நம் உடம்பு அதே வேகத்தில் முன்னால் போகும். அதைப் பிடித்து நிறுத்துவது பெல்ட் மட்டுமே. காற்றுப்பை இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. பெல்ட் போட்டிருந்தால்தான் காற்றுப்பையும் சரியாகக் காப்பாற்றும்.

அந்த இரும்புத் துண்டு

அதற்குப் பெயர் கிளிப். பெல்ட் போட்டதாகக் காரை ஏமாற்றுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதை விற்ற 5 இணைய விற்பனை நிறுவனங்கள் மீது உத்தரவு போட்டு, 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. கிளிப் போட்ட வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணம் கேட்பதிலும் சிக்கல் வரலாம் என்று அந்த ஆணையமே எச்சரித்தது. குழுக் கடனில் கார் வாங்கி ஓட்டும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

எப்படிப் போடுவது?

* மேல் பட்டை தோளின் மேல் வர வேண்டும். கையிடுக்கு வழியாகவோ முதுகுக்குப் பின்னாலோ விடக்கூடாது.
* கீழ்ப் பட்டை இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும்.
* கர்ப்பிணிகளும் போட வேண்டும். கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியிலும், மேல் பட்டை மார்புக்கு நடுவில் வந்து வயிற்றின் பக்கவாட்டிலும் போக வேண்டும்.
* குழந்தையை மடியில் வைத்து ஒரே பெல்ட்டில் இருவரும் போடக்கூடாது. பிரேக் அடித்தால் நம் எடையே குழந்தையை நசுக்கிவிடும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. கடைசியாகக் காரில் போனபோது நம்மில் எத்தனை பேர் பெல்ட் போட்டோம்?
2. நம் உறுப்பினர் வீட்டு வண்டிகளில் கிளிப் இருக்கிறதா?
3. "பெல்ட் வேலை செய்யாத வண்டியை வாடகைக்கு எடுக்க மாட்டோம்" என்று தீர்மானம் எழுதலாமா?

"தம்பி, அந்தத் துண்டை எடுத்திடுப்பா, நாங்க பெல்ட் போட்டுக்கறோம்" என்று அன்று எங்களில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும், அக்காவுக்குத் தையல் விழுந்திருக்காது. அடுத்த முறை நீங்கள் சொல்லுங்கள் சகோதரிகளே. சொல்வதற்குக் கூச்சமே வேண்டாம்.