ஆர்.எஸ். புரத்துக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு

ஒரு காலத்தில் கோவை ஆர்.எஸ். புரத்தில் குடியிருந்தவரா நீங்கள்? வேலைக்கோ கல்யாணமாகியோ வெளியூர் போய், இப்போது ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறீர்களா? எடுத்த எடுப்பில் பழைய வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். ஓட்டு வீடும் வேப்பமரமும் இருந்த இடத்தில் அநேகமாக ஒரு அப்பார்ட்மெண்ட் எழுந்திருக்கும். இல்லையென்றால் கிளினிக், துணிக்கடை. தெருக்களில் இருந்து தொடங்குங்கள். அவை போட்டபடியே இருக்கின்றன.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் கோவையை உலுக்கியது. நெரிசலான பழைய தெருக்களை விட்டு ஜனங்கள் வெளியே வர, அகலமாக, நேர் நேராக ரோடு போட்டு வளர்ந்த பகுதி இது. சிறுவாணித் தண்ணீர் ஊருக்கு வரப் பாடுபட்ட நகராட்சித் தலைவர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். டி.பி. ரோட்டை நடுக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். பொன்னுரங்கம் ரோடு, சம்பந்தம் ரோடு எல்லாம் அங்கிருந்து கிழக்கு, மேற்கு என்று பிரியும். கூகுள் மேப் தேவைப்படாது. கால் தானாகவே திரும்பும்.

காரில் போகாதீர்கள். டி.பி. ரோட்டில் அடுக்குமாடி பார்க்கிங் வந்துவிட்டதுதான், ஆனால் நடைபாதையையும் அகலப்படுத்திவிட்டார்கள்; நடப்பதே சுகம். ஸ்மார்ட் சிட்டி வேலைகளில் எனக்குப் பிடித்தது இந்த நடைபாதைதான். மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் வருகிறவர்கள் வடகோவையில் இறங்கலாம். ஜங்ஷனில் இறங்கினால் டவுன் பஸ் போதும். ஆட்டோ என்றால் ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள்.

காலை 7 மணிக்கு உழவர் சந்தையில் இருங்கள். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துக் காய்கறி பனி காயாமல் வந்திருக்கும். காய் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, 'ஏனுங்க', 'வாங்க கண்ணு' என்ற பேச்சைக் காது நிறையக் கேட்டுவிட்டு வரலாம்; புதுக் கடைகளில் அது குறைந்துவிட்டது. பிறகு அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி. சாம்பார் முன்பு போல இல்லை என்று பக்கத்து மேசையில் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் அதையேதான் சொன்னார்கள்.

பிள்ளைகள் கூட வந்தால் கௌலி பிரவுன் ரோட்டில் உள்ள காஸ் வன அருங்காட்சியகம். 1902இல் தொடங்கியது. பாடம் செய்த காட்டெருமையும் பழைய மரத்துண்டுகளும் அவர்களை அரை மணி நேரம் கட்டிப்போடும். திறந்திருக்கும் நேரத்தை முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் மேட்டுப்பாளையம் ரோட்டுப் பூ மார்க்கெட்டில் சத்தியமங்கலம் மல்லி வாங்கிக்கொண்டு, தள்ளுவண்டியில் ஒரு தட்டு காளான் சாப்பிடுங்கள். அதில் காளானைவிட முட்டைகோஸ்தான் அதிகம். கோவைக்காரருக்கு அதில் குறையில்லை.

இனி உங்கள் வீடு இருந்த தெருவுக்குப் போகலாம். கேட்டில் வாட்ச்மேன் 'யாரைப் பாக்கோணுங்க?' என்பார். 'முன்ன இங்கதானுங்க குடியிருந்தோம்' என்று சொன்னால் பெரும்பாலும் உள்ளே விடுவார். கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம்.

ஆனி, ஆடியில் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலும் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள், டி.பி. ரோட்டில் நடக்கக்கூட இடம் இருக்காது.