யந்திரம் வந்தால் வேலை எங்கே போகும்?

கிராமத்தில் புதிய யந்திரம் ஒன்று வந்திறங்கும்போது, "செலவு மிச்சம்" என்று நிலமுடையவரும், "பிழைப்புப் போயிற்று" என்று கூலியாளரும் கூறுவது இயல்பு. இரு கூற்றிலும் உண்மை உண்டு. இன்று யந்திரத்துடன் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து வருகிறது. ஆகவே, பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் இதனைப் பற்றி முன்கூட்டியே சிந்தித்தல் அவசியமாகும்.

முன்பு நடந்தது

கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் ஓர் ஆளும் ஒரு ஜோடி மாடும் நாள் முழுதும் உழைக்க வேண்டியிருந்தது. மின்சாரப் பம்பு செட்டு வந்தபின் கவலை நின்றது; ஆனால் மோட்டார் பழுது பார்ப்போர், காயில் கட்டுவோர் எனப் புதிய தொழிலாளர் தோன்றினர்.

நெல் குத்தும் தொழிலின் கதை வேறு. உலக்கையை நம்பியிருந்த பெண்களின் கூலியை அரிசி ஆலை எடுத்துக்கொண்டது. கைக்குத்தல் தொழிலின் நலனையும் கருதி 1958-இல் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 1997-இல் அது நீக்கப்பட்டது. உலக்கை திரும்பவில்லை. வேலை இழந்தவருக்கே புதிய வேலை தானாக வந்து சேராது என்பதே இதன் படிப்பினை.

இப்போது நடப்பது

ஓர் ஏக்கர் நெல்லைக் கையால் அறுக்கப் பல ஆட்களுக்கு ஒரு நாள் பிடிக்கும். அறுவடை யந்திரம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அறுத்து, அடித்துத் தந்துவிடுகிறது. கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் நீர் வேண்டும். டிரோன் சுமார் 10 லிட்டர் நீரைக்கொண்டு பத்து நிமிஷத்தில் தெளிக்கிறது.

செயற்கை நுண்ணறிவு என்பது, ஆயிரக்கணக்கான உதாரணங்களைக் கண்டு பழகி, புதிய ஒன்றைக் கண்டதும் இன்னதென்று ஊகித்துச் சொல்லும் கணினி முறையாகும். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறை, கைப்பேசியில் எடுத்த படத்தைக்கொண்டு பூச்சியை அடையாளம் காண உதவுகிறது. ஆயினும் ஊகம் தவறலாம். எனவே மருந்து வாங்குமுன் வேளாண்மை அலுவலரைக் கலந்துகொள்வது நன்று.

மனு எழுதுதல், கணக்குப் பதிதல் போன்ற ஒரே மாதிரியான வேலைகள் குறையக்கூடும். வரப்பு வெட்டுதல், கறவை மாடு பேணுதல், கொத்து வேலை, பழுது பார்த்தல் ஆகியவை எளிதில் மாறா.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1. அறுவடை, நடவுக் கூலியையே நம்பியுள்ள குடும்பங்களைக் கணக்கெடுத்துக் கிராம சபையில் வைக்கலாம்.

2. டிரோன் இயக்கும் சான்றிதழ் பெற 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியும் வேண்டும். இத்தகுதியுள்ள பிள்ளைகளை, முதலில் அக்குடும்பங்களிலிருந்தே தேர்ந்து பயிற்சிக்கு அனுப்பலாம்.

3. யந்திரம் ஒரு தனிநபர் கையில் இருந்தால் வாடகையும் அவருக்கே. மகளிர் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ உடைமையாளரானால் அது ஊரில் பலருக்குப் பகிரும். 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டமொன்று, 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன் வழங்க வகை செய்தது இக்கருத்தினாலேயே.

யந்திரத்தைத் தடுத்து நிறுத்தல் நம் கையில் இல்லை. அதன் பலன் யாரைச் சென்றடைய வேண்டும் என்று முன்னரே தீர்மானித்தல் நம் கையில் இருக்கிறது. உலக்கை பிடித்த தாய்மாருக்கு நேர்ந்தது, இன்று அரிவாள் பிடிக்கும் அவர்தம் பேத்தியருக்கும் நேராதிருக்க, அடுத்த கிராம சபையிலேயே இப்பேச்சைத் தொடங்குவோமாக.