இரண்டாம் முறை உடுத்த ஒரு சட்டை

அன்புள்ள தங்கைக்கு,

துறை விழாவுக்கு 200 டி-ஷர்ட் அச்சடித்து வாங்கும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருப்பதாக எழுதியிருந்தாய். எங்கே கொடுத்தால் மலிவாக முடியும் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன் வேறொன்றைக் கேட்டுக்கொள்: விழா முடிந்த பிறகு இந்தச் சட்டையை யார் உடுத்துவார்கள்? விழாவன்று எல்லோரும் உடுத்துவார்கள். உடுத்தித்தான் ஆக வேண்டும். மறுவாரம் கடைக்குப் போகும்போதோ, விடுதியில் இரவு படுக்கும்போதோ, ஊருக்குப் போகும் ரயிலிலோ ஒருத்தி அதைத் தானாக எடுத்து மாட்டிக்கொண்டால்தான் அது சட்டை. இல்லையென்றால் நீ வாங்கித் தந்தது பைக் துடைக்கும் துணி, அதுவும் கொஞ்சம் விலை கூடிய துணி. எந்த டி-ஷர்ட்டும் கடைசியில் பைக் துடைக்கத்தான் போகப்போகிறது. அடுத்த மாதமே போகிறதா, நான்கு வருடம் கழித்துப் போகிறதா என்பதில்தான் ஆர்டர் கொடுத்தவரின் சாமர்த்தியம் தெரியும். இரண்டாவது தடவை உடுத்தப்படுமா என்ற ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொள். துணி, அச்சு, அளவு, படம், தேதி என்று நீ முடிவெடுக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே விடை கிடைக்கும்.

முதலில் துணி. விலை கேட்டுப் போன் செய்தால் எதிர்முனையிலிருந்து வரும் முதல் கேள்வியே "எத்தனை ஜிஎஸ்எம்?" என்பதாக இருக்கலாம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் நிறுக்கும் என்பதுதான் ஜிஎஸ்எம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இதை அளக்கவென்றே வட்டமான கட்டர் ஒன்று இருக்கும். துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வட்டத் துண்டு வெட்டுப்படும். சின்னத் தராசில் அந்தத் துண்டு 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜிஎஸ்எம். டி-ஷர்ட்டுக்கு 180 என்பது நிதானமான கனம். 140-க்கு இறங்கினால் வெள்ளைச் சட்டையில் உள்ளாடை தெரியும். 220-க்கு ஏறினால் சித்திரை வெயிலில் போர்வையைப் போர்த்தியதுபோல் இருக்கும். ஆனால் எடை மட்டும் போதாது, நூல் எது என்பதையும் கேட்க வேண்டும். மிகக் குறைந்த விலை சொல்பவர்கள் பல சமயம் காட்டுவது டாட் நிட் என்ற பாலியஸ்டர் துணி. பளிச்சென்று இருக்கும், சுருங்காது, விலையும் குறைவு. வியர்வையை மட்டும் உறிஞ்சாது. ஓடியாடும் விளையாட்டு அணியின் ஜெர்சிக்கு அது பொருத்தமே. நாள் முழுக்க அரங்கில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குப் பருத்திதான் சரி. பருத்தி என்று சொல்லித் தருவதைச் சோதிக்க ஒரு தீக்குச்சி போதும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவை. பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டுகொள்ளும். கலப்பு நூல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும்.

துணியைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதைவிட உன் வாளித் தண்ணீர் சொல்வது நம்பகமானது. அச்சடிக்காத சாம்பிள் பீஸ் ஒன்றை விலை கொடுத்தே வாங்கு. தரையில் விரித்து, அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே குறுக்களவும், தோளிலிருந்து அடிவிளிம்பு வரை நீளமும் எடுத்துக் குறித்துக்கொள். பிறகு வீட்டில் துவைக்கிற மாதிரியே துவைத்து வெயிலில் காயப்போடு. இதை மூன்று தடவை செய். மறுபடி அளந்து பார். பின்னல் துணி நெசவுத் துணியைவிட அதிகம் சுருங்கும். 28 அங்குல நீளம் 5 விழுக்காடு சுருங்கினாலே கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் போய்விடும். கையைத் தூக்கினால் இடுப்புத் தெரியும் சட்டையை எந்தப் பெண்ணும் இரண்டாம் முறை எடுக்க மாட்டாள். பக்கத் தையலையும் பார். மட்டமான பின்னலில் துவைத்த பின் துணி முறுக்கிக்கொண்டு, இடுப்போரத்தில் இருந்த தையல் வயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கும். அலசிய தண்ணீரில் சாயம் இறங்கினாலும் அந்தத் துணி வேண்டாம். இந்தச் சோதனைக்கு ஒரு சட்டையின் விலையும் மூன்று நாளும்தான் செலவு.

அடுத்தது அச்சு. 200 சட்டை என்றால் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இறுக்கிக் கட்டிய நுண்வலைமேல் ஒளிபட்டால் இறுகும் பூச்சைத் தடவி, உன் படத்தைக் கறுப்பில் எடுத்த பிலிமை அதன்மேல் வைத்து விளக்கு வெளிச்சம் காட்டுவார்கள். கறுப்பு மறைத்த இடம் மட்டும் இறுகாமல் தண்ணீரில் கரைந்து வழிவிடும். அந்த வழியாகத்தான் மை துணியில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். கறுப்பு, நீலம் போன்ற அடர்ந்த துணியில் மற்ற நிறங்கள் எடுபட அடியில் வெள்ளை ஒருமுறை போட வேண்டும். அதற்கும் தனி ஸ்கிரீன். 20 சட்டையானாலும் 200 சட்டையானாலும் ஸ்கிரீன் செலவு ஒன்றுதான். அதனால்தான் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பீஸின் விலை இறங்குகிறது. நான்கு நிறத்தில் யோசித்த படத்தை ஒரு நிறத்துக்குக் கொண்டுவந்தால் மூன்று ஸ்கிரீனும், ஒவ்வொரு சட்டைமேலும் மூன்று தடவை மை இழுக்கும் கூலியும் மிச்சம். அந்தப் பணத்தைத் துணியில் போடு. பத்துப் பதினைந்து சட்டைதான் வேண்டுமென்றால் கணக்கே வேறு: பிலிமில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டும் டிடிஎஃப் முறைக்கு ஸ்கிரீன் தேவையில்லை, எத்தனை நிறமும் வரும். ஆனால் பெரிய படமானால் நெஞ்சில் பிளாஸ்டர் ஒட்டியதுபோல் கனக்கும், அந்த இடத்தில் காற்றுப் புகாது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் போடும் பிளாஸ்டிசால் என்ற பிவிசி மையிலும் இதே குறை உண்டு. அந்த மை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் சூடு காட்டினால்தான் முழுதாக இறுகும். அவசரத்தில் சூடு குறைந்திருந்தால் நாலு துவையலில் வெடித்துவிடும். சாம்பிளில் அச்சு இருக்கும் இடத்தை இரு கையாலும் பிடித்து இழுத்துப் பார். மை துணியோடு நீண்டு துணியோடு திரும்பினால் சரி. பிளந்து அடித்துணி தெரிந்தால் திருப்பிக் கொடு.

சட்டையில் தமிழ் போட வேண்டும் என்று எழுதியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வாசகத்தை வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. அச்சகங்களில் பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் இன்னமும் புழங்குகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் உன் வாசகம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். யுனிகோடில் கொடுத்தாலும், தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத பழைய மென்பொருளில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிய கோப்பாகக் கொடுப்பதுதான் வழி. கோரல்டிராவில் வேலை செய்பவரிடம் "கர்வ்ஸ் பண்ணிக் கொடுங்க" என்றால் போதும். அதற்குப் பிறகும் புள்ளி என்ற ஆபத்து மிச்சமிருக்கிறது. மெல்லிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி வலையில் சரியாகத் திறக்காமல் அடைத்துக்கொள்ளலாம். "கல்வி" என்ற சொல்லில் அந்த ஒரு புள்ளி விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தடித்த எழுத்தாகத் தேர்ந்தெடு. திரையில் பார்த்து ஒப்புதல் தராதே. துணியில் அடித்த ஒரு பீஸை வெளிச்சத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்த பிறகு, மீதி 199-க்குச் சரி சொல்.

படத்தைப் பற்றிப் பேசினால் உன் குழுவில் ஒரு மறுப்பு கட்டாயம் எழும். விழாவின் பெயர், தேதி, பணம் தந்தவர்களின் சின்னம் எல்லாம் பெரிதாகத் தெரிய வேண்டாமா, பணம் கொடுத்தவர் சும்மா இருப்பாரா என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர் எதற்குப் பணம் தருகிறார்? தன் பெயர் பலர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. முதுகு நிறைய ஆறு சின்னங்களைச் சுமந்த சட்டை விழா அரங்கில் மட்டும் தெரியும். அங்கிருப்பவர்களோ மேடைப் பதாகையிலேயே அந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டவர்கள். கையோரத்தில் ஒரே நிறத்தில் அடக்கமாக ஒரு சின்னம் இருந்தால், அது பேருந்திலும் கடைத்தெருவிலும் இரண்டு வருடம் நடமாடும். இதை எடுத்துச் சொன்னால் விளம்பரம் தருபவருக்கே புரியும், வியாபாரம் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தேதியும் அப்படித்தான். நெஞ்சில் பெரிதாக ஆண்டைப் போட்டால் அடுத்த ஆண்டு பிறந்ததுமே சட்டைக்கு வயதாகிவிடும். கழுத்துக்கு உட்புறம் லேபிள் வரும் இடத்தில் சின்னதாக அடித்தால், உடுத்துகிறவளுக்கு மட்டும் தெரியும் நினைவாக இருக்கும்.

அளவில்தான் ஆர்டர்கள் அதிகம் கெடுகின்றன. இணையப் படிவத்தில் எஸ், எம், எல் என்று நிரப்பச் சொன்னால் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த அளவை எழுதுவார். இந்த எழுத்துகளுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அங்குலக் கணக்கு கிடையாது; ஒருவரின் எம் இன்னொருவரின் எல் ஆக இருக்கும். இருபாலருக்கும் பொது என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆண் உடலுக்கு வெட்டியது. பெண்கள் உடுத்தினால் தோள் தொங்கும், கழுத்து அகலும். நீ அச்சுக்குக் கொடுக்கப்போகும் அதே கம்பெனியின் அளவுக்கு ஒன்றாக நான்கைந்து சட்டைகளை வாங்கித் துறை அறையில் வை. போட்டுப் பார்த்துவிட்டுப் பெயர் எழுதச் சொல். ஒரு மதிய இடைவேளையில் பாதிப் பேர் முடிந்துவிடும். மொத்தத்தில் நாலைந்து சட்டை கூடுதலாகச் சொல்லிவை. பிறகு நாலு பீஸ் தனியாக அடிக்கக் கேட்டால் விலையும் ஏறும், வேறு சாய லாட்டிலிருந்து வருவதால் நிறமும் சற்றே மாறும்.

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்பதுதான் பெரிய மறுப்பு. கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம்: 150 ரூபாய்ச் சட்டை 200 வாங்கினால் 30,000 ரூபாய். 200 ரூபாய்ச் சட்டை 150 வாங்கினாலும் அதே 30,000 ரூபாய்தான். எல்லோருக்கும் கட்டாயம் என்பதை விட்டு, கேட்டவர்களுக்கு மட்டும் என்று மாற்றினால் நல்ல சட்டைக்கான பணம் அங்கேயே இருக்கிறது. ஒரு நாள் விழாவுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்பது இன்னொரு மறுப்பு. உண்மையிலேயே ஒரு நாள் தேவைதான் என்றால், கூட்டத்தில் தொண்டர்களை அடையாளம் காண்பது மட்டுமே நோக்கம் என்றால், சட்டையே வேண்டாம். கையில்லாத மேலங்கி முப்பது வாங்கி, மாலையில் திரும்ப வாங்கித் துவைத்து, அடுத்த ஆண்டுக்கு எடுத்து வை. ஒரு டி-ஷர்ட்டின் கணக்கு அதன் பில்லோடு முடிவதில்லை. பருத்தி விளைய நீர் வேண்டும், சாயமேற்ற நீர் வேண்டும். திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, கீழே ஒரத்துப்பாளையம் அணை வரை விவசாயத்தைக் கெடுத்ததும், அதனால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் நம் பக்கத்திலேயே நடந்தவை. 200 சட்டையால் நொய்யல் கெடவும் போவதில்லை, சுத்தமாகவும் போவதில்லை என்று நீ சொல்லலாம், அது சரிதான். ஆனால் இத்தனை நீரையும் உழைப்பையும் செலவழித்துச் செய்த பொருளை ஒரே நாளில் கழித்துக்கட்டுவதற்கு, நம் பங்கு சிறியது என்பது காரணமாகிவிடாது.

காலத்தையும் இதே கணக்கில் சேர். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே சரக்கு கைக்கு வருகிற மாதிரி நாள் குறி. அதற்கு முன் சாம்பிளுக்கும் துவையலுக்கும் திருத்தத்துக்கும் இடம் விடு. தீபாவளி, பொங்கலை ஒட்டித் திருப்பூரில் ஆர்டர் குவியும், பிறகு தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களில் கெடு வைக்காதே. நீ பிந்திக் கொடுத்துவிட்டு அவசரப்படுத்தினால், அந்த அவசரம் யாரோ ஒருவரின் இரவு ஷிப்டாக மாறும். மை காயாமல் மடித்த சட்டைகளாக உன்னிடமே திரும்பி வரும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடு: நூல், ஜிஎஸ்எம், துணி நிறம், அச்சு முறை, அச்சின் அகலமும் கழுத்திலிருந்து அதன் தூரமும் அங்குலத்தில், அளவுவாரியாக எண்ணிக்கை, தேதி, பழுதான பீஸ் வந்தால் யார் பொறுப்பு, சொன்ன விலையில் 5 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததா இல்லையா. நீ எழுதாமல் விட்ட ஒவ்வொன்றையும் பட்டறையில் யாரோ ஒருவர் தீர்மானிப்பார், தனக்கு வசதியானபடிதான் தீர்மானிப்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

நீ இருக்கும் கோவையிலிருந்து திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர்தான். இந்தச் சனிக்கிழமை தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு மூன்று இடங்களில் இடத்துக்கொரு சாம்பிள் பீஸ் வாங்கி வா. அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை முதல் துவையலைத் தொடங்கு. மூன்றாவது துவையலும் விடுதிக் கொடியில் காய்ந்த பிறகு, அதில் எதை நீயே எடுத்து உடுத்திக்கொள்கிறாய் என்று பார். அந்தக் கம்பெனிக்கு ஆர்டரைக் கொடு.

அன்புடன்,
உன் அக்கா