பழைய படங்களைச் செப்பனிடும் முறை

 

நம் தோட்ட மக்களுள் பலருடைய வீடுகளில் முன்னோரின் புகைப்படங்கள் ஒன்றோ இரண்டோதான் எஞ்சியுள்ளன. நம் நாட்டின் ஈரக்காற்றில் அவையும் பூஞ்சை பிடித்து மங்கி வருகின்றன. கணினியின் துணைகொண்டு அவற்றைச் செப்பனிடும் முறையை ஈண்டுக் காண்போம்.

இதற்கேற்ற மென்பொருள்களுள் ஒன்று கிம்ப் என்பது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் ஆகிய இருவரும் உருவாக்கிய இது, 1996ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. இதனைக் கட்டணமின்றிப் பெறலாம்.

முதலாவது, படத்தை ஸ்கேனர் கருவியால் படியெடுத்தல் வேண்டும். படத்தின் தூசியை மெல்லிய தூரிகையால் நீக்குக. நீர் படுதல் கூடாது. சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்க முயலாமல், கண்ணாடியோடு சேர்த்தே படியெடுத்தல் நன்று. கறுப்பு வெள்ளைப் படமாயினும் வண்ணத்திலேயே படியெடுப்பின் கறைகளை எளிதில் இனங்காணலாம். அளவு, அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என இருக்கட்டும். 2 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் உள்ள சிறு படம் அப்போது அகலத்தில் 1,200 புள்ளிகளையும் உயரத்தில் 1,800 புள்ளிகளையும் பெறும். அச்சிடுவதற்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும். ஆதலின் அதனை 4 அங்குலத்திற்கு 6 அங்குலமாகப் பெரிதாக்கி அச்சிடலாம். மாணவர்கள் இக்கணக்கை வகுத்துச் சரிபார்க்க.

இரண்டாவது, படியெடுத்த கோப்பை டிஃப் வடிவில் சேமித்து, அதனைத் தொடாமல் வைத்துவிட்டு, அதன் நகலிலேயே வேலை செய்க. ஜேபெக் வடிவில் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் படத்தின் நுட்பம் சிறிது சிறிதாகக் குறையும். எனவே அவ்வடிவத்தைப் பிறருக்கு அனுப்புவதற்கு மட்டும் பயன்படுத்துக.

மூன்றாவது, ‘லேயர்’ எனப்படும் அடுக்கினைப் பயன்படுத்துக. நிலப்படத்தின்மீது கண்ணாடித்தாளை விரித்து வரைவது போன்றதே இது. மேலே வரைந்தது பிழையாயினும் கீழுள்ள படம் கெடாது. படத்தின் அடுக்கை இரட்டித்துக்கொண்டு மேலடுக்கில் மட்டும் திருத்துக.

நான்காவது, ‘லெவல்ஸ்’ என்னும் பகுதியைத் திறந்தால் மலைமுகடு போன்ற வரைபடம் ஒன்று தோன்றும். அதில் 0 என்பது கருமை. 255 என்பது வெண்மை. மங்கிய படத்தில் அம்முகடு நடுவில் குறுகி நிற்கும். இடமுனைக் குறியை முகடு தொடங்கும் இடத்திற்கும், வலமுனைக் குறியை அது முடியும் இடத்திற்கும் நகர்த்தினால் படம் தெளிவு பெறும்.

ஐந்தாவது, கறைகளையும் கீறல்களையும் ‘ஹீல்’ என்னும் கருவியால் நீக்கலாம். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு, கறைக்கு அருகிலுள்ள நல்ல பகுதியைச் சொடுக்குக. பின் விசையை விட்டுக் கறையின்மீது தடவுக. தூரிகை சிறியதாக இருத்தல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சுவரிலும் ஆடையிலும் உள்ள கறையைப் போக்குவது செப்பனிடுதல் ஆகும். பூஞ்சை அரித்துவிட்ட கண்ணையும் வாயையும் நாமே வரைவது புனைதல் ஆகும். இந்நாளில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அழிந்த முகத்தை நொடிப்பொழுதில் நிரப்பித் தருகின்றன. அம்முகம் அழகாய் இருக்கலாம். ஆயினும் அது நம் பாட்டியின் முகமன்று. பேரப்பிள்ளைகள் அதனையே பாட்டியென நம்பி வளர்வரேல், உள்ள ஒரு சான்றையும் நாம் இழந்தவராவோம். முகம் அழிந்திருப்பின் அழிந்தவாறே விடுக. அடையாளக் கார்டு போன்ற ஆவணங்களின் படங்களை மாற்றுவதோ குற்றமாகும்.

இறுதியாக, படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பவற்றை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்க. மங்கிய படத்தைக் கணினி தெளிவாக்கும். மறந்த பெயரை அதனால் மீட்டுத் தர இயலாது. ஆகவே, மாணவர்களே, கணினியின் முன் அமருமுன் பாட்டன் பாட்டியின் அருகில் அமர்ந்து கேளுங்கள்.