பசுமைப் பத்திரமும் கூட்டுக் கடனும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களின் அங்கத்தினர் சிலர், பசுமைப் பத்திரம் என்பது யாது, நம் போன்ற சங்கங்களுக்கு அதனால் பயனுண்டா என்று வினவியுள்ளனர்.

கடன் பத்திரம் வாங்குபவர் பங்குதாரர் ஆகார். கடன் கொடுத்தவரே ஆவார். உரிய காலங்களில் வட்டியும், தவணை முடிவில் அசலும் அவருக்குச் சேரவேண்டும். திரட்டிய பணத்தைச் சூரிய மின்சாரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முதலிய பணிகளுக்கே செலவிடுவதாக உறுதியளித்து, அதற்குக் கணக்கும் காட்டினால் அது பசுமைப் பத்திரம் எனப்படும். காசியாபாத் மாநகராட்சி 2021-இல் இவ்வகையில் 150 கோடி ரூபாய் திரட்டியது. கழிவுநீரைத் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு அளிப்பதே நோக்கம். இந்திய அரசு 2023 ஜனவரியில் முதன்முறையாக 8,000 கோடி ரூபாய்க்கு வெளியிட்டது.

இவை பெரிய இடத்துக் காரியங்கள். தர மதிப்பீடு, சட்ட ஆலோசனை, தணிக்கை எனப் பத்திர வெளியீட்டுக்கு ஆகும் செலவைச் சிறு கடன் தாங்காது. சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்க விரும்பும் ஒரு நெசவாளர் சங்கம் தனியே என்ன செய்ய இயலும்?

வழியொன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. பசுமைப் பத்திரம் என்ற பெயர் வழங்குமுன்பே, 2003-இல், நம் மாநிலத்தின் 13 உள்ளாட்சிகள் ஒரு பொதுநிதியின் வாயிலாக ஒன்றுகூடிக் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளின்பொருட்டுச் சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் வெளியிட்டன. சென்னைப் புறநகர் ஊர்களும் அவற்றுள் இருந்தன. தவணை 15 ஆண்டு, வட்டி 9.20 சதவிகிதம். தனித்தனியே சென்றிருந்தால் முதலீட்டாளர் அவற்றுள் பலவற்றைத் திரும்பியும் பார்த்திரார். ஒவ்வோர் ஊரும் தன் வருவாயில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்கியது. குறைந்தால் மாநில அரசு தரும் பங்கிலிருந்து பிடித்துக்கொள்ள ஏற்பாடு இருந்தது. அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் உதவி நிறுவனமொன்று உத்தரவாதம் அளித்தது. பேரேடு எழுதிப் பழகிய நம் அங்கத்தினர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்: கடன் கிடைத்தது நல்லெண்ணத்தினால் அன்று, ஒதுக்கிவைத்த வருவாயினால்.

நம் சங்கங்கள் தடுமாறக்கூடிய இடமும் இதுவே. சுத்திகரிப்பு நிலையம் தானாக ஒரு காசும் ஈட்டாது. சாயமேற்றும் ஒவ்வொரு கிலோ நூலுக்கும் இவ்வளவு கட்டணம் என அங்கத்தினர் ஏற்றாலன்றி வட்டி கட்ட வழியில்லை. சாகுபடியாளர் நிலை இன்னும் விசித்திரமானது. விவசாய மின்சாரம் இலவசமாக உள்ள நம் மாநிலத்தில், சூரிய பம்புசெட்டினால் மிச்சமாகும் மின்கட்டணம் ஏது? பசுமை என்ற பெயருக்காக எவரும் வட்டியைத் தள்ளிவிடப் போவதில்லை.

பத்திரம் வாங்க விரும்பும் தனிநபர், ரிசர்வ் வங்கியின் சில்லறை முதலீட்டுத் திட்டத்தின்கீழ் 10,000 ரூபாய் முதல் அரசுப் பத்திரங்களை நேரே வாங்கலாம். சங்க நிதியைப் பொறுத்தமட்டில், சட்டமும் துணைவிதிகளும் அனுமதிக்கும் முதலீடுகள் எவை எனப் பார்த்த பின்னரே தீர்மானத்தை நிர்வாகக் குழுவின்முன் வைக்க வேண்டும்.